கூரையைத் திறக்க முதல் கம்பளத்தைத் தூக்குங்கள்

எம்எக்ஸ்-5 வைத்திருக்கும் தம்பிமாருக்கும் தங்கச்சிமாருக்கும்,

ஹரோவிலும் ஈஸ்ட்ஹாமிலும் குரொய்டனிலும் இந்தச் சின்னக் காரை வாங்கி வைத்திருக்கிற உங்களில் பலரை எனக்குத் தெரியும். கோயில் தேருக்கு வருகிற இடத்தில் இரண்டு மூன்று நின்றால் போய் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்க்காமல் நான் வீட்டுக்குப் போவதில்லை. உங்களோடு கதைக்கவும் செய்வேன். டேர்போ போடலாமா, எவ்வளவு பதிக்கலாம், எந்தச் சைலன்சர் நல்ல சத்தம் போடும் என்று கேட்பீர்கள். கூரையில் விழுகிற மழைத் தண்ணீர் எந்த வழியால் வெளியே போகிறது என்று ஒருவரும் கேட்டதில்லை. கேட்காதபடியால் நானே எழுதுகிறேன். சில இடங்களில் கொஞ்சம் காரமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கார் எஞ்ஜினால் சாகிற கார் அல்ல. 1989 பெப்ரவரியில் சிக்காகோ கண்காட்சியில் மஸ்டா இதை முதன்முதல் காட்டியபோது, பொனற்றுக்குள் இருந்தது குடும்பக் கார்களில் ஓடிப் பழகிய இனத்தைச் சேர்ந்த 1.6 லீற்றர் எஞ்ஜின்தான். பழைய பிரித்தானிய ஓப்பன் கார்களின் சுகத்தை, அவற்றின் ஒயில் ஒழுக்கும் வயர்த் தலையிடியும் இல்லாமல் கொடுப்பதுதான் ஜப்பான்காரரின் நோக்கம். அந்த முதல் எஞ்ஜினில் ரைமிங் பெல்ற் ஓடும்போது அறுந்தால்கூட வால்வும் பிஸ்டனும் மோதாது. கார் நடுவழியில் நிற்கும், புதுப் பெல்ற் போட்டால் திரும்ப ஓடும். அதற்காக 60,000 மைலைத் தாண்டி அதை விட்டுவைக்காதீர்கள். 2016 ஏப்ரலில் பத்து இலட்சமாவது எம்எக்ஸ்-5 தொழிற்சாலையை விட்டு வெளியே வந்தது. இரண்டு பேர் இருக்கும் விளையாட்டுக் கார்களில் உலகத்தில் வேறெதுவும் இவ்வளவு விற்கவில்லை. இத்தனை விற்ற கார் பிரித்தானிய வீதிகளில் ஏன் வருடா வருடம் குறைந்துகொண்டு போகிறது? பெரும்பாலும் கறளால்.

கதவுக்குக் கீழே காரின் நீளத்துக்கு ஒரு பெட்டித் தகரம் ஓடுகிறது, கராஜில் சில் என்பார்கள். அதன் பின்முனைதான், பின் சில்லுக்குச் சற்று முன்னால் இருக்கிற அந்த ஒரு முழத் துண்டுதான், இந்தக் காரின் உயிர்நிலை. தலைக்கு மேலே தகரம் இல்லாத கார் இது. உடம்பை விறைப்பாகப் பிடித்திருப்பவை இரண்டு கதவடித் தகரங்களும் நடுவில் கியருக்கு அடியால் ஓடும் மேடும். பின் சஸ்பென்ஷனும் இருக்கைப் பட்டியும் பூட்டியிருக்கிற இடங்கள் அந்தப் பின்முனைக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன. அங்கே தகரம் உக்கினால் அழகு கெடுவதோடு காரியம் முடிவதில்லை.

தண்ணீர் அங்கே எப்படிப் போகிறது? சீலைக் கூரையின் பின்விளிம்பு உடம்போடு சேருகிற இடத்தில், உள்பக்கமாக, ஒரு பிளாஸ்ரிக் வாய்க்கால் இருக்கிறது. கூரையால் வழிகிற மழையில் ஒரு பங்கு விளிம்பைத் தாண்டி உள்ளே வரத்தான் செய்யும். அதை வாங்கிக்கொள்ளவே அந்த வாய்க்கால். அது இரண்டு பக்கமும் சரிந்து, இருக்கைப் பட்டி தொங்குகிற தூண்களுக்குப் பக்கத்தில், ஒவ்வொரு குழாய்க்குள் இறங்குகிறது. குழாய்கள் பின் சில்லுகளுக்கு முன்னால் காரின் அடியில் முடிகின்றன. மரத்தடியில் நிறுத்துகிற காருக்கு ஒரு இலையுதிர்காலம் போதும். இலைத்தூளும் பாசியும் மண்ணும் சேர்ந்து குழாய் வாயில் களியாக இறுகிவிடும். பிறகு மழைத் தண்ணீர் மேலேயே தேங்கி, விளிம்பு கடந்து, இருக்கைக்குப் பின்னால் கம்பளத்துக்குள்ளும் கதவடித் தகரத்தின் உள்வயிற்றுக்குள்ளும் இறங்கும். நீங்கள் கூரை ஓட்டை என்று நினைத்து நூற்றுக்கணக்கில் செலவழித்துப் புதுக்கூரை போடுவீர்கள். அடுத்த மழைக்கும் கம்பளம் நனையும். வருடத்துக்கு ஒருமுறை ஏணி வைத்து ஏறி வீட்டுப் பீலியைத் துப்புரவாக்குகிற அப்பாமாரின் பிள்ளைகள் நீங்கள். காரிலும் அதே பீலி இருக்கிறது, இன்னும் ஒடுக்கமாக.

கம்பளத்தை மேலால் தொட்டுப் பார்த்து, காய்ந்திருக்கிறது என்று சொல்லாதீர்கள். அதற்கு அடியில் தடிப்பான பஞ்சு இருக்கிறது. மேற்பக்கம் வெயிலில் காய்ந்துவிடும், பஞ்சு மாதக்கணக்கில் ஈரத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும். காலையில் கண்ணாடி உள்பக்கம் பனிக்கிறதா, கதவு திறந்தவுடன் ஊறல் மணம் வருகிறதா, அதைக் கவனியுங்கள். வாசனை மட்டையைத் தொங்கவிட்டு மணத்தை மறைப்பது நீங்களே உங்களை ஏமாற்றுகிற வேலை.

சிலரின் கார் மஸ்டா என்ற பெயரோடு பிறக்கவே இல்லை. ஜப்பானில் யூனோஸ் ரோட்ஸ்ரர் என்று விற்கப்பட்டு, பழசாகிய பிறகு கப்பலேறி இங்கே வந்தது. எஞ்ஜின் அறையில் ஜப்பானிய எழுத்தில் ஒட்டுத்தாள் இருந்தால் கிழித்துவிடாதீர்கள். ரைமிங் பெல்ற் எத்தனை கிலோமீற்றரில் மாற்றினார்கள் என்று அதில் இருக்கக்கூடும். மீற்றர் காட்டுவது மைலா கிலோமீற்றரா, இடையில் மாற்றினார்களா என்பதையும் பழைய எம்.ஓ.ரி. (வருடாந்த வாகனச் சோதனை) பதிவுகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இப்படி இறக்கிய காருக்கு ஒரு புகழ் உண்டு: அங்கே உப்பில்லாத வீதியில் ஓடியது, கறள் இல்லை என்பார்கள். கப்பலால் இறங்கிய நாளில் அது உண்மையாக இருந்திருக்கலாம். இறங்கி இருபது வருடத்துக்கு மேலாகிவிட்டது. ஒவ்வொரு வின்ரரும் கவுன்சில் லொறி கொட்டுகிற உப்புக்கு யூனோஸ் எது மஸ்டா எது என்று தெரியாது. 1998இலிருந்து வந்த இரண்டாம் தலைமுறைக் காரை வைத்திருப்பவர்கள் தப்பித்தோம் என்று நினைக்க வேண்டாம். உங்களுக்குக் கதவடித் தகரத்தோடு முன்பக்கச் சட்டக் கால்களும் சேர்ந்து உக்கும். அங்கே தகரத்துக்குள் தகரம், நடுவில் ஈரம். வெளியில் குமிழி தெரிகிறபோது உள்ளே அநேகமாக ஒன்றும் மிச்சம் இருக்காது.

இப்போது லண்டனில் நிலைமை இன்னும் மோசம். 2023 ஓகஸ்ட் 29ஆம் திகதி, கூடுதலாகப் புகை கக்கும் வாகனங்களுக்குக் கட்டணம் அறவிடும் யூலெஸ் எல்லை லண்டன் முழுவதற்கும் விரிந்தது. தொண்ணூறுகளின் எம்எக்ஸ்-5 பலவற்றை வீதியில் இறக்கினால் நாளுக்கு 12.50 பவுண் கட்ட வேண்டும். நாற்பது வயதாகும்வரை விலக்கும் இல்லை. காற்றுச் சுத்தமாவதை நான் குறை சொல்ல வரவில்லை. ஆனால் அதற்குப் பிறகு நீங்கள் காரை என்ன செய்தீர்கள் என்று பார்க்கிறேன். விற்கவும் மனமில்லை, ஓட்டவும் காசில்லை. முன்றலில் நிறுத்தி, கடையில் வாங்கிய மலிவு உறையைப் போட்டு மூடி, கோடைக்குப் பார்ப்போம் என்று விட்டுவிட்டீர்கள். நிற்கிற காரில் தண்ணீர் தேங்கினால் தேங்கினபடி நிற்கும். காற்றுப் போகாத உறை ஈரத்தை உள்ளேயே வைத்திருக்கும். பிரேக் கலிப்பர் இறுகும், பற்றறி இறங்கும். இப்படி ஈரத்தோடு நிற்கிற கார் சும்மா நின்றே உக்கும். ஓட்டுவதில்லை, ஆகவே பழுதாகாது என்கிற கணக்குப் பிழை.

"எம்.ஓ.ரி. பாஸ் பண்ணியதுதானே அண்ணா" என்பீர்கள். எம்.ஓ.ரி. செய்பவர் காரைக் கழற்றிப் பார்க்க மாட்டார். உங்கள் கம்பளத்தைத் தூக்கவும் மாட்டார். சஸ்பென்ஷனும் இருக்கைப் பட்டியும் பூட்டிய இடங்களிலிருந்து 30 சென்ரிமீற்றருக்குள் தகரம் பலமிழந்திருந்தால் அவர் பெயில் போடுவார், ஆனால் அது அவர் கண்ணுக்கோ தட்டலுக்கோ அகப்பட வேண்டும். கதவடித் தகரத்தின் மேல் தடிப்பாகத் தார் பூசியிருந்தால், பிளாஸ்ரிக் பாவாடை பூட்டியிருந்தால், அகப்படாமலே போகும். அந்தத் தாள் அன்றைக்குத் தெரிந்ததை மட்டும் சொல்கிறது.

என்னுடைய கோபம் இங்கேதான். கதவடித் தகரத்தில் ஓட்டை விழுந்ததைக் கண்டுபிடிக்கிறீர்கள். வெல்டருக்குக் கொடுக்கக் காசில்லை. பசையை அப்பி, உரஞ்சி, மேலே கறுப்புத் தார் அடித்து, "சுத்தமான கார், கறள் இல்லை" என்று விளம்பரம் போட்டு விற்கிறீர்கள். காந்தத்தோடு போய்க் கார் பார்க்கிற பழக்கம் எனக்கு இருக்கிறது. பின் சில்லுக்கு முன்னால் காந்தம் ஒட்டாமல் வழுக்கி விழுந்த கார்கள் பல. அவற்றை விற்க நின்றவர்கள் எல்லாரும் கார் வியாபாரிகள் அல்ல. சிலர் எங்கள் பிள்ளைகள். வாங்க நின்றவர்களும் எங்கள் பிள்ளைகள், முதல் வேலையில் சேமித்த காசோடு. பெரிய கராஜ் ஏமாற்றினால் ஊரைக் கூட்டிக் கத்துகிறோம். எங்களுக்குள்ளே நாங்கள் செய்வதற்கு என்ன பெயர்?

வேடிக்கை என்னவென்றால், பயப்பட வேண்டியதை விட்டுவிட்டு வேண்டாததற்கெல்லாம் பயப்படுகிறீர்கள். குளிரில் ஸ்ராட் பண்ணும்போது எஞ்ஜின் தலையில் டிக் டிக் என்று கேட்கிறது, எஞ்ஜின் முடிந்தது என்று முகம் வாடி வருகிறீர்கள். முதல் தலைமுறையில் ரப்பெற்றுகள் ஒயில் அழுத்தத்தால் தங்களைத் தாங்களே சரிசெய்கிறவை. ஒயில் வடிந்திருந்தால் கொஞ்ச நேரம் தட்டும். நேரத்துக்கு ஒயில் மாற்றி, நன்றாகச் சூடாகும்வரை ஓட்டினால் பெரும்பாலும் அடங்கும். குளிரில் இரண்டாம் கியர் விழ மறுக்கிறதா? முதல் சில மைல்களுக்கு அவசரப்படாதீர்கள், கியர் ஒயில் சூடாகட்டும். கியர்த் தண்டைச் சுற்றிச் சூடும் சத்தமும் மேலே வருகிறதா? அடியில் இருக்கும் இரப்பர் உறை கிழிந்திருக்கும். மலிவான சாமான், வீட்டிலேயே மாற்றலாம். எழும்பும் லைற்றில் ஒன்று எழும்பவில்லையா? மோட்டாரின் மேல் ஒரு இரப்பர் மூடி உண்டு, அதைக் கழற்றினால் கையால் திருகுகிற குமிழ் இருக்கிறது. அன்றைக்கு வீடு போய்ச் சேருவீர்கள்.

எஞ்ஜினின் பின்பக்கம் ஒயில் ஒழுகுகிறது என்று போனால், பல கராஜில் எடுத்த எடுப்பில் சொல்வது, கியர்ப் பெட்டியை இறக்கிப் பெரிய சீலை மாற்ற வேண்டும் என்பது. இறக்கவிட முதல் எஞ்ஜின் தலையின் பின்முனையில் பூட்டியிருக்கிற சென்சரைத் தொட்டுப் பாருங்கள். அதன் இரப்பர் வளையம் வயதாகி இறுகினால் ஒயில் அங்கிருந்து வழிந்து கியர்ப் பெட்டியின் தலையில் சொட்டும். கீழேயிருந்து பார்ப்பவருக்குப் பெரிய சீல் போனது போலத்தான் தெரியும். வளையத்தின் விலை ஒரு கோப்பித் தண்ணிக் காசு. கிளச் மிதி திடீரென்று தரையோடு போனால் கிளச் முடிந்தது என்று முடிவுகட்டாதீர்கள். கியர்ப் பெட்டிப் பக்கத்தில் இருக்கிற சின்னச் சிலிண்டரின் இரப்பரைத் தூக்கிப் பாருங்கள், உள்ளே ஈரம் என்றால் ஆள் அகப்பட்டுவிட்டான்.

நியாயமாகப் பயப்பட வேண்டியவையும் உண்டு. றேடியேற்றரின் மேல் பிளாஸ்ரிக் தொட்டி கறுப்பாக இருக்க வேண்டும். அது மண்ணிறமாக மாறியிருந்தால் வெடிக்கிற நாள் தூரத்தில் இல்லை, எஞ்ஜின் தலை அலுமினியம் என்பதை நினைத்துக்கொண்டு மாற்றிவிடுங்கள். 1991 நடுப்பகுதிக்கு முந்திய 1.6 வைத்திருப்பவர்கள் கிராங்க் கப்பியின் முகத்தைப் பாருங்கள். எட்டு வெட்டு என்றால் நிம்மதி. நான்கு என்றால் எஞ்ஜின் ஓடும்போது கப்பி தள்ளாடுகிறதா என்று கண் வைத்திருங்கள், பெல்ற் மாற்றுபவரிடம் நடு போல்ற்றைச் சொன்ன இறுக்கத்தில் இறுக்கச் சொல்லுங்கள். பற்றறி டிக்கியின் வலப்பக்கம் இருக்கிறது. வாயு வெளியே போகக் குழாய் பூட்டுகிற வகைதான் அதற்குச் சரி. கண்ட பற்றறியையும் வைத்தால் அமிலம் டிக்கித் தகரத்தைத் தின்னும். பின் பிரேக் கட்டை மாற்றுகிறபோது பிஸ்டனை இடுக்கியால் நெரிக்காதீர்கள். கலிப்பரின் பின்னால் ஒரு மூடிப் போல்ற், அதற்குள் 4 மில்லிமீற்றர் அலன் சாவிக்கு இடம். அதைத் திருப்பித்தான் பின்வாங்க வேண்டும். 14 அங்குலச் சில்லுள்ள பழைய காருக்கு ரயர்க் காற்று 26 பிஎஸ்ஐ. எல்லாக் காருக்கும் போல 35 அடித்துவிட்டு, கார் துள்ளுகிறது, சஸ்பென்ஷன் மாற்ற வேண்டும் என்று என்னிடம் வராதீர்கள்.

இவையெல்லாம் சாமான் வாங்கித் தீர்க்கிற பிரச்சினைகள். முதல் தலைமுறைக்காக 2017இல் மஸ்டாவே மறுசீரமைப்புத் திட்டம் ஒன்றை அறிவித்தது, நிறுத்திய சாமான்கள் சிலவற்றைத் திரும்பச் செய்யத் தொடங்கியது. கழற்றிப் பூட்டலாம். உக்கிய உடம்பைக் கழற்றிப் பூட்ட முடியாது. வெளித்தகரத்தை வெட்டியெடுத்தால் உள்ளே இன்னொரு தகரம், அதுவும் போயிருக்கும்; வெல்டிங் கணக்குக் காரின் விலையைத் தாண்டும், காரை உடைக்கக் கொடுப்பீர்கள். நல்ல எஞ்ஜினோடு உடைபடப் போகிற கார்களைப் பார்க்கிறபோது எனக்கு வயிறு எரிகிறது.

ஆகவே நான் கேட்பது இது. இலை கொட்டத் தொடங்க முதல் ஒரு காய்ந்த நாளில் கூரையைப் பாதி திறவுங்கள். முதல் தலைமுறையில் பின் யன்னல் பிளாஸ்ரிக், முதலில் அதன் சிப்பைத் திறந்து யன்னலைப் படுக்க வையுங்கள். குளிர் நாளில் மடித்தால் வெடிக்கும். இருக்கைக்குப் பின்னால் பட்டித் தூணோரம் கையை விட்டுக் குழாய் வாயைத் தேடுங்கள். கைக்கு வருகிற களியை எடுத்துவிட்டு, புல்வெட்டியில் போடுகிற நைலோன் நூலை மெதுவாக உள்ளே விடுங்கள். உடுப்புக் கொழுவுகிற கம்பி வேண்டாம், குழாயைக் கிழிக்கும். கொம்பிரசர் காற்றும் வேண்டாம், குழாயை இடத்திலிருந்து கழற்றிவிடும். பிறகு ஒரு கோப்பை தண்ணீர் ஊற்றி, பின் சில்லுக்கு முன்னால் குனிந்து பாருங்கள். ஊற்றியது உடனே கீழே வர வேண்டும். இரண்டு பக்கமும். ஒரு பக்கம் ஓடியது என்று மற்றப் பக்கத்தை விடாதீர்கள்.

அதற்குப் பிறகு இருக்கைகளைக் கழற்றிக் கம்பளத்தைத் தூக்குங்கள். பஞ்சு ஈரமென்றால் வெளியே எடுத்துக் காய வையுங்கள், எத்தனை நாள் எடுத்தாலும் எடுக்கட்டும். கதவடித் தகரத்தின் உள்ளே மெழுகு அடிக்க விரும்புகிறவர்கள் முழுக்கக் காய்ந்த பிறகே அடியுங்கள். ஈரத்தின் மேல் அடித்த மெழுகு ஈரத்தைப் பூட்டிவைக்கும். காரைத் தூக்குகிறபோது கதவடி விளிம்பில் ஜாக் வைத்து நசுக்காமல், முன்னால் நடுச் சட்டத்திலும் பின்னால் டிபரென்ஷலிலும் வையுங்கள், கீழே நுழைய முதல் தாங்கு கால் வையுங்கள். யூலெஸ்ஸுக்குப் பயந்து நிறுத்தியவர்கள் மாதத்தில் ஒரு நாளாவது 12.50 கட்டி நல்ல தூரம் ஓட்டுங்கள். அதற்கும் வழியில்லையென்றால் இப்போதே, தகரம் இருக்கிறபோதே, ஓட்டக்கூடியவருக்கு விற்றுவிடுங்கள்.

விற்கிறபோது, வாங்க வருகிறவர் கேட்க முதல் கம்பளத்தை நீங்களே தூக்கிக் காட்டுங்கள். கறள் இருந்தால் விளம்பரத்திலேயே எழுதுங்கள். வெல்டிங் தெரிந்தவர்களும் சாமானுக்காகக் கார் தேடுகிறவர்களும் அதை வாங்குவார்கள், விலை குறையும், அவ்வளவுதான். எப்போது குழாய் துப்புரவாக்கினீர்கள், எங்கே வெல்ட் செய்தீர்கள், எந்த மைலில் பெல்ற் மாற்றினீர்கள் என்று ஒரு தாளில் எழுதிக் காரோடு கொடுங்கள்.

தனியாகச் செய்யத் தயக்கமென்றால் நாலைந்து பேர் சேர்ந்து ஒரு சனிக்கிழமையைப் பிடியுங்கள். பெரிய முன்றல் இருக்கிற வீடாக ஒன்று பாருங்கள். ஜாக்கும் தாங்கு கால்களும் நைலோன் நூலும் நான் கொண்டு வருகிறேன். மத்தியானச் சாப்பாடு வீட்டுக்காரர் பொறுப்பு.

அன்புடன்,
உங்கள் அண்ணன் ஒருவர்